அந்நியபாஷை

பேசுபவரே கற்றறியாத மொழியிலோ, பொருள் விளங்காத ஒலிகளிலோ பரிசுத்த ஆவியின் ஏவுதலால் செய்யப்படும் வேண்டுதல். சீர்திருத்தச் சபையினர் இதனை அந்நியபாஷை என்பர். கத்தோலிக்கரின் திருவிவிலியம் பரவசப்பேச்சு என்கிறது. இரண்டாம் பெயரே நடப்பதற்கு நெருக்கமானது.

தமிழகத்தில் இது பெந்தெகொஸ்தே சபைகளோடு வந்ததென்று கருதுவது பிழை. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் எழுந்த எழுப்புதலுக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. மிஷனரி ரேனியஸிடம் பயின்று, கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை உருவாக்கிய உபதேசியார் அருளப்பன் அவற்றைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். மிஷனரிகளுள் சிலர் மகிழ்ந்தனர். நடுக்கத்தையும் தரையில் விழுதலையும் கண்டு சிலர் கலங்கினர்.

கலக்கம் புதிதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் இந்த ஆவிவரத்தைத் தடை செய்யவில்லை; ஆயினும் சபையில் பொருள் சொல்வாரில்லையெனில் பேசாதிருக்கப் பணித்தார். ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே முதல் அடையாளம் என்பது பெந்தெகொஸ்தே சபையார் பலரின் போதனை. வரங்கள் அப்போஸ்தலரோடு ஓய்ந்தன என்போரும் உளர். பேச வராத விசுவாசி தன் விசுவாசத்தையே ஐயுறுவது முதற்போதனையின் விளைவு. எல்லாரும் பாஷைகளைப் பேசுவதில்லை என்று பவுல் 12ஆம் அதிகாரத்திலேயே உணர்த்தியிருக்கிறார்.