கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றீங்களா? எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன் அந்த ஸ்டிக்கரைப் படிங்க!

பட்டுக்குப் பேர்போன ஊர் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி. ஒரு காலத்தில் சேலை பார்டரையும் முந்தானையையும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். இப்போது அந்த வரைகிற வேலை கம்ப்யூட்டருக்கு மாறிவருகிறது. டிசைன் போடுவதற்கான கம்ப்யூட்டரை மொத்த செட்டாக வாங்காமல், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்தால் காசு மிச்சமாகும். ஆனால், பட்ஜெட் இடித்தால் பலரும் முதலில் கைவைப்பது எஸ்.எம்.பி.எஸ். மீதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு என எல்லாவற்றுக்கும் வயர் இதிலிருந்துதான் போகிறது. தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது தனியாகப் போகாமல், மற்ற பாகங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். ஹார்டு டிஸ்க் போனால், மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட டிசைன்களும் போச்சு!

எத்தனை வாட்ஸ் தேவை?

பெரிய நம்பராக வாங்கினால்தான் நல்லது என்பதில்லை. ஒரு சின்ன கூட்டல் கணக்கு போதும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத டிசைன் கம்ப்யூட்டர்: ரைசன் 5 5600ஜி போன்ற 65 வாட்ஸ் ரக பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்ந்தாலும் 150 வாட்ஸ் பக்கம்தான் வரும். தரமான 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். தாராளம்.

கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர்: ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட்ஸ். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட்ஸ் எடுக்கும். மற்ற பாகங்களுக்கு 60 வாட்ஸ் வைத்தால் மொத்தம் சுமார் 350 வாட்ஸ். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட்ஸ். ஒரு நொடிக்குள் லோடு திடீரென எகிறும் என்பதால்தான் இந்த இடைவெளி.

ஸ்டிக்கரில் எதைப் பார்க்கணும்?

பெட்டியில் பெரிதாக 450 வாட்ஸ் என்று இருக்கும். அதை நம்பி வாங்கிடாதீங்க. எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. அதை 12-ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

37 ஆம்பியர் என்றால் 444 வாட்ஸ். இது அசல் 450 வாட்ஸ். வெறும் 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ்தான். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன என்பதால், இந்த ஒரு கணக்கு மிக முக்கியம். கேபினட்டோடு சேர்த்து மலிவாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.களில் கட்டாயம் இதைப் பார்க்க வேண்டும்.

80 பிளஸ் என்றால் என்ன?

வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதற்கான தரச்சான்று இது. 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில் ப்ரான்ஸ் என்றால் 85 சதவீதம், கோல்டு என்றால் 90 சதவீதம் கிடைக்க வேண்டும். மிச்சம் சூடாக வெளியேறும்.

கம்ப்யூட்டருக்கு 200 வாட்ஸ் தேவை என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீத எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து 250 வாட்ஸ் இழுக்கும். 90 சதவீதம் என்றால் 222 வாட்ஸ் போதும். தினம் 8 மணி நேரம் ஓடினால், 2 மாத பில்லில் சுமார் 13 யூனிட் வித்தியாசம். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால், அந்த எல்லையில் இருப்பவர்களுக்கு இதுவும் காசுதான்.

ஆனால் ஒன்று: 80 பிளஸ் என்பது மின்சிக்கனத்துக்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கானது அல்ல. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கணும்.

கரண்ட் கட் ஆனால்?

மின்சாரம் நின்ற பிறகும் எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிக்கும் நேரம், முழு லோடில் சுமார் 12 முதல் 17 மில்லிசெகண்ட்தான். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோட் ஸ்விட்ச் இருந்தால் அதில் போட்டு வைங்க.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது சுமார் 360 வாட்ஸ். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இது போதும். மேலே சொன்ன 350 வாட்ஸ் செட் சுவரிலிருந்து 400 வாட்ஸ் பக்கம் இழுக்கும், மானிட்டர் தனி. அதற்கு இன்னும் பெரிய யு.பி.எஸ். வேண்டும். எதுவானாலும், அது ஃபைலை சேவ் பண்ணி ஷட் டவுன் செய்வதற்கான நேரம்தான், தொடர்ந்து வேலை பார்க்க அல்ல.

எர்த் இல்லையென்றால்?

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாவிட்டால் பாதிப் பாதுகாப்பு போய்விடும். கேபினட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுத்தால், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்க. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுவது நல்லது.

தறி ஓடும் வீடுகளில் நூல் பிசிறும் தூசியும் எஸ்.எம்.பி.எஸ். ஃபேனில் அடையும். கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கமாக மட்டும் தூசி தட்டுங்க. பிரித்துப் பார்க்க வேண்டாம். கரண்ட் இல்லாதபோதும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

வாங்கும் முன் ஒரு நிமிட செக் லிஸ்ட்

* 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பார்த்தாச்சா?
* பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா? பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.
* கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தேவையான 8 பின் வயர் நேரடியாக வருகிறதா? கன்வெர்ட்டர் வயரைத் தவிர்ப்பது நல்லது.
* கழற்றி மாட்டும் வயர் உள்ள மாடலா? பழைய எஸ்.எம்.பி.எஸ். வயரைப் புதியதில் மாட்டாதீங்க. பின் பொருந்தினாலும் உள்ளே வோல்டேஜ் வரிசை மாறி, ஹார்டு டிஸ்க் எரிந்துவிடலாம்.
* வாரன்டி எத்தனை வருஷம்? பில் கையில் இருக்கிறதா?

எல்லாம் சரியாக இருந்தாலும், முடித்த டிசைன்களை அன்றன்றைக்கே ஒரு பென்டிரைவிலும் காப்பி எடுத்து வைங்க. எஸ்.எம்.பி.எஸ். போனால் புதிதாக வாங்கிவிடலாம், போன டிசைனை மறுபடி முதலிலிருந்துதான் போடணும்.