ஹெட்போன் ஆம்ப்ளிபையருக்கு மாற்று வால்வு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தோட்டத்து லயங்களில் வால்வு ரேடியோ ஓடிய காலத்தில், சுவிட்சைத் தட்டியவுடன் பாட்டு வந்துவிடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து சூடேற அரை நிமிடமாவது ஆகும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. அதே வால்வு இன்று இளையோரின் மேசைகளில் ஹெட்போன் ஆம்ப்ளிபையராகத் திரும்பி வந்திருக்கிறது. இணையச் சந்தைகளில் சில நூறு வெள்ளிக்கே அவை கிடைக்கின்றன.

வாங்கிய சில மாதங்களில் பலருக்கு வால்வை மாற்றிப் பார்க்கும் ஆசை வருகிறது. சிலருக்குப் பழைய வால்வில் இரைச்சல் வந்து, மாற்றியே ஆக வேண்டிய நிலை ஏற்படுகிறது. வால்வு மின்விளக்கைப் போலக் கழற்றி மாட்டக்கூடியது என்பதால் இது எளிய வேலையாகத் தெரியும். ஆனால் காலில் பொருந்துவதெல்லாம் மின்சாரத்தில் பொருந்தாது. தவறான வால்வை மாட்டினால் வால்வு மட்டுமன்றி, ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகலாம். அதைச் சரிசெய்யும் கூலி புதிய ஆம்ப்ளிபையரின் விலையை நெருங்கிவிடும்.

கெட்டது வால்வுதானா?

புதியது வாங்கும் முன் இதை உறுதி செய்வது நல்லது. ஒரு பக்கம் மட்டும் கரகரப்பு வருகிறது, ஆம்ப்ளிபையரில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என ஒரே வகை வால்வு இரண்டு இருக்கிறது என்றால், அவற்றை இடம் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். கரகரப்பும் பக்கம் மாறினால் கெட்டது வால்வு. அதே பக்கத்திலேயே நின்றால் கோளாறு சாக்கெட்டிலோ வயரிலோ உள்ளது. நம் ஊர் ஈரக்காற்றில் வால்வின் கால்களில் பாசி போல் படியும் கறையே பாதிக் கரகரப்புக்குக் காரணம். மின்சாதனத் தொடுமுனைகளுக்கென விற்கும் ஸ்பிரேயால் கால்களைத் துடைத்தாலே சரியாகிவிடுவதுண்டு.

கண்ணாடியின் உச்சியில் அல்லது பக்கத்தில் வெள்ளி போல் பளபளக்கும் பூச்சு ஒன்று இருக்கும். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காகப் பூசப்படும் பேரியம் அது. அது பால் போல் வெளுத்திருந்தால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது, வால்வின் ஆயுள் முடிந்தது. மாறாக, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீல ஒளி தெரிவது பெரும்பாலும் கெடுதல் அல்ல. இன்னொன்று, விலை மலிவான சில ஆம்ப்ளிபையர்களில் வால்வின் அடியில் ஆரஞ்சு நிற எல்இடி விளக்கை வைத்துவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து வால்வு வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

வால்வின் பெயரே அதன் ஜாதகம். அமெரிக்க முறையில் 12ஏயு7 என்பதில் முன்னுள்ள 12, அதன் இழையைச் சூடாக்கும் வோல்ட் அளவைக் குறிக்கிறது. துல்லியமாகச் சொன்னால் 12.6 வோல்ட். 6 என்று தொடங்கினால் 6.3 வோல்ட். ஐரோப்பாவில் இதே 12ஏயு7க்கு இசிசி82 என்று பெயர். பிரிட்டிஷ் இராணுவப் பெயர் சிவி4003. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தும்.

சிக்கல் அண்டை வீட்டாரிடம் இருக்கிறது. 12ஏயு7, 12ஏடி7, 12ஏஎக்ஸ்7 மூன்றுக்கும் ஒன்பது கால்கள், ஒரே இணைப்பு. ஆனால் ஒலியைப் பெருக்கும் அளவு முதலாவதற்குச் சுமார் 20, இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்கு 100. 12ஏயு7 இருந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7 போட்டால் ஒலி திடீரென உயர்ந்து உடைந்து கேட்கலாம். "அதிக சத்தம், அதனால் நல்ல வால்வு" என்று சிலர் மகிழ்வதுண்டு. அது தவறான கணக்கு. ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பது என்பதால், இங்கே கூடுதல் பெருக்கத்தைவிடக் குறைந்த இரைச்சலே முக்கியம்.

12பிஎச்7 இன்னொரு பொறி. கால் இணைப்பு ஒன்றுதான், ஆனால் சூடேற 12ஏயு7ஐப் போல் இரு மடங்கு மின்னோட்டம் கேட்கும். அதற்கான தாங்குதிறன் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்காமல் மாட்டக் கூடாது. 6டிஜே8 எனப்படும் இசிசி88க்கும் ஒன்பது கால்தான். 12.6 வோல்ட் தரும் 12ஏயு7 சாக்கெட்டில் அதைச் செருகினால், 6.3 வோல்ட் தாங்கும் இழை இரட்டிப்பு வோல்ட்டில் வெந்துவிடும்.

டார்க்வாய்ஸ் உதாரணம்

ஆரம்ப நிலை ரசிகர்களிடம் பெயர் பெற்ற டார்க்வாய்ஸ் 336எஸ்இ ஆம்ப்ளிபையரை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். அதில் இரண்டு வால்வுகள். சிறியது 6எஸ்என்7, ஒலியைப் பெருக்குவது. பெரியது 6ஏஎஸ்7, ஹெட்போனை இயக்கும் வலிமையைத் தருவது. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரு பாதிகள். ஒன்று இடக் காதுக்கு, மற்றது வலக் காதுக்கு. ஆகவே இங்கே இடம் மாற்றிப் பார்க்கும் வித்தை பலிக்காது. வாங்கும்போதே இரு பாதிகளும் சமமாக அளக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இல்லையேல் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

6ஏஎஸ்7 முதலில் ஒலிக்காக உருவானதே அல்ல. மின்வழங்கிகளில் வோல்ட்டைச் சீராக வைத்திருக்க வடிவமைக்கப்பட்டது. அதன் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 16 வாட் செலவாகிறது. அது முழுவதும் வெப்பமாக வெளியேறுவதால், மூடிய அலமாரிக்குள் இந்த ஆம்ப்ளிபையரை வைக்கக் கூடாது. இதற்கு நேர் மாற்று 6080. உருவத்தில் சிறியது, குணத்தில் அதே.

முதலில் எதை மாற்றுவது என்று கேட்டால் 6எஸ்என்7 என்பதே விடை. பெருக்கும் வேலை அங்கே நடப்பதால் மாற்றம் அங்கேதான் அதிகம் தெரியும். விடி-231 என்பது இதன் அமெரிக்க இராணுவப் பெயர், தாராளமாக வாங்கலாம். சிவி181 என்ற பெயரில் எச்சரிக்கை தேவை. சீனத் தயாரிப்புகள் இப்பெயரில் வருவது 6எஸ்என்7 குணம் கொண்டவை, 0.6 ஆம்பியர் கேட்பவை. ஆனால் பழைய பிரிட்டிஷ் சிவி181 என்பது இசிசி32, அதற்கு 0.95 ஆம்பியர் வேண்டும். பெயர் ஒன்று, பசி வேறு.

ரஷ்ய வால்வுகளின் பெயர் மற்றொரு குழப்பம். கண்ணாடியில் 6எச்8சி என்று ஆங்கில எழுத்துகளாகப் படிப்பவர்கள் பலர். உண்மையில் அவை ரஷ்ய எழுத்துகள். 'எச்' போலத் தெரிவது 'என்', 'சி' போலத் தெரிவது 'எஸ்'. எனவே அது 6என்8எஸ், 6எஸ்என்7இன் ரஷ்யப் பதிப்பு. 6எச்13சி எனத் தெரிவது 6என்13எஸ், 6ஏஎஸ்7க்கு மாற்று. விலை குறைவு, உழைப்பு நல்லது. பழைய சரக்குக்கு நூற்றுக்கணக்கில் செலவிடும் முன் இவற்றைக் கேட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பழைய பெயர், புதிய சரக்கு

புகழ்பெற்ற பெயர்களுக்கு ஏமாறுவோர் அதிகம். மல்லார்ட் வால்வுகள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்யப்பட்டவை. இன்று அதே பெயரில் வரும் புதியவை ரஷ்யாவின் சராத்தோவ் நகரில் தயாராகின்றன. அவை போலி அல்ல, உரிமையோடு விற்கப்படுபவை. ஆனால் பழைய மல்லார்ட்டின் விலையைக் கொடுக்க வேண்டியவையும் அல்ல. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது உலகெங்கும் வால்வு விலை ஏறியது. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவின் பிஸ்வேன் ஆகியவை புதிய தயாரிப்பில் மற்ற முக்கியப் பெயர்கள்.

அச்சிட்ட பெயரை யாரும் அழித்து மாற்றி அச்சிடலாம். கண்ணாடியிலேயே வார்க்கப்பட்ட அடையாளத்தை மாற்றுவது கடினம். ஜெர்மனியின் டெலிபுங்கன் தன் ஆலைகளில் செய்த சிறிய வால்வுகளின் அடியில், கால்களுக்கு நடுவே வைரக்கட்டி வடிவம் வார்த்திருந்தது. விற்பவரின் படத்தில் அடிப்பகுதி தெரியவில்லை என்றால் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். படம் தர மறுப்பவரிடம் பேரம் பேசுவதே வீண்.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரும் சிங்கப்பூர் சிம் லிம் டவரும் மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பேர் போனவை. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலேசியாவில் 500 வெள்ளிக்கு மிகாத இறக்குமதிப் பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சிங்கப்பூரில் 400 வெள்ளிக்கு உட்பட்டவற்றுக்கும் பொருள் சேவை வரி 9 விழுக்காடு.

மாட்டும்போது

ஆம்ப்ளிபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு நன்கு ஆறிய பிறகே தொட வேண்டும். அடிப்பலகையைத் திறப்பது வேண்டாம். உள்ளே மனிதரைக் கொல்லும் அளவு வோல்ட் உள்ளது; மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 6எஸ்என்7 போன்ற பெரிய வால்வைக் கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல், கீழுள்ள பிளாஸ்டிக் அடியைப் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். ஒன்பது கால் வால்வுக்கு அத்தகைய அடி இல்லை. மெல்ல அசைத்து அசைத்து எடுக்கலாம்.

புதியதை மாட்டி முதல் முறை இயக்கும்போது ஹெட்போனைச் செருகாமல், ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பது காதுக்கும் ஹெட்போனுக்கும் பாதுகாப்பு. பிறகு பென்சில் முனையில் வால்வை இலேசாகத் தட்டினால், நல்ல வால்வில் சிறு ஒலி எழுந்து உடனே அடங்கும். மணி அடித்தது போல் நீண்டு ஒலித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டார்க்வாய்ஸ் போன்ற ஆம்ப்ளிபையர்கள் 300 ஓம் அளவிலான சென்ஹைசர் எச்டி600, எச்டி650 வகை ஹெட்போன்களுக்கு ஏற்றவை. 32 ஓம் ஹெட்போனை வைத்துக்கொண்டு ஒலி தெளிவில்லை என்று வால்வுக்கு மேல் வால்வு வாங்குவோரும் உள்ளனர். அவர்கள் அந்தப் பணத்தை ஹெட்போனுக்குச் செலவிடலாம்.