மெய்நிகர் உண்மை விளையாட்டுகளுக்கான கணினி நினைவகத் தேர்வு

மெய்நிகர் உண்மை விளையாட்டுகளுக்கான கணினி நினைவகத் தேர்வு என்பது, தலையில் அணியும் காட்சிக் கருவியுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் தனியாள் கணினி ஒன்றுக்கு, ராம் என அழைக்கப்படும் நேரடி அணுகல் நினைவகத்தை அதன் வேகம், சுணக்கம், கொள்ளளவு ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு தெரிவு செய்வதாகும். சாதாரண கணினித் திரையில் ஒரு படம் சற்றுப் பிந்தினால் அது சிறு தடங்கலாகவே தோன்றும். மெய்நிகர் உண்மையில் அவ்வாறன்று. விளையாடுபவர் தலையைத் திருப்பும்போது கண்முன் உள்ள உலகம் உடனே திரும்பாவிட்டால், தலைச்சுற்றலும் குமட்டலும் ஏற்படக்கூடும். ஆகவே இவ்வகை விளையாட்டுகளில், ஒரு வினாடிக்குச் சராசரியாக எத்தனை படங்கள் தோன்றுகின்றன என்பதைவிட, ஒவ்வொரு படமும் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்கிறதா என்பதே முதன்மையானது. வேகமான நினைவகத்தின் பயன் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வெளிப்படுகிறது.

பின்னணி

இத்துறையின் இரண்டு அடிப்படைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு, ஒரு திரிதடையத்தையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் இயங்குநிலை நினைவகத்தை 1966 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இதற்கான காப்புரிமை 1968 இல் வழங்கப்பட்டது. அதே 1968 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்து பார்க்கும் முப்பரிமாணக் காட்சிக் கருவி ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

பொதுமக்களுக்கான மெய்நிகர் உண்மைக் கருவிகள் பரவலானது 2016 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆக்குலசு ரிஃப்ட் கருவியும், ஏப்ரல் மாதத்தில் எச்.டி.சி. வைவ் கருவியும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் இரு கண்களுக்கும் சேர்த்து 2160 × 1200 படப்புள்ளிகளை, வினாடிக்கு 90 முறை காட்டின. 2019 இல் வெளிவந்த வால்வ் இன்டெக்சு கருவி 120 முறையும், சோதனை நிலையில் 144 முறையும் காட்டவல்லது.

நினைவகத் தேவையும் இக்காலத்தில் உயர்ந்தது. வைவ் கருவிக்கு 4 கிகாபைட்டு நினைவகம் குறைந்த அளவாகவும், ரிஃப்ட் கருவிக்கு 8 கிகாபைட்டு பரிந்துரைக்கப்பட்ட அளவாகவும் முதலில் அறிவிக்கப்பட்டன. 2020 மார்ச்சில் வெளியான ஆஃப்-லைஃப்: அலிக்சு விளையாட்டு, குறைந்தது 12 கிகாபைட்டைக் கோரியது.

படச்சட்ட நேரம்

ஒரு படச்சட்டத்தை உருவாக்க மென்பொருளுக்குக் கிடைக்கும் நேரம், காட்சிக் கருவியின் புதுப்பிப்பு வீதத்தைப் பொறுத்தது. அது பின்வருமாறு அமையும்.

* வினாடிக்கு 72 முறை: 13.9 மில்லி வினாடி
* வினாடிக்கு 90 முறை: 11.1 மில்லி வினாடி
* வினாடிக்கு 120 முறை: 8.3 மில்லி வினாடி
* வினாடிக்கு 144 முறை: 6.9 மில்லி வினாடி

இந்நேரத்துக்குள் மையச் செயலி, விளையாட்டின் விதிகள், பொருட்களின் இயக்கம், எதிரிகளின் நகர்வு, ஒலி ஆகியவற்றைக் கணக்கிட்டு, எவற்றை வரைய வேண்டும் என்ற கட்டளைகளை வரைவியல் செயலிக்கு அனுப்ப வேண்டும். வரைவியல் செயலி இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களை வரைய வேண்டும்.

கெடு தவறினால், காட்சிக் கருவியின் மென்பொருள் முந்தைய படத்தையே தலையின் புதிய நிலைக்கு ஏற்பத் திருத்திக் காட்டும். 2016 ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய நுட்பங்கள் நடைமுறையில் உள்ளன. விளையாட்டு தொடர்ந்து கெடு தவறுமானால், அதன் வீதம் 90 இலிருந்து 45 ஆகப் பாதியாக்கப்பட்டு, இடைப்பட்ட படங்கள் கணிப்பின் மூலம் நிரப்பப்படும். இதனால் குமட்டல் குறைந்தாலும், வேகமாக நகரும் பொருட்களின் விளிம்புகள் நெளிந்து தோன்றும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், 11.0 மில்லி வினாடியில் முடியும் வேலைக்கும் 11.2 மில்லி வினாடியில் முடியும் வேலைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் விளைவில் முன்னது 90, பின்னது 45. எல்லைக்கோட்டில் இயங்கும் கணினியில் மட்டும் நினைவகத்தின் சிறு முன்னேற்றம் பெரும் மாற்றமாக உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

நினைவகம் எவ்வாறு தொடர்புபடுகிறது

செயலிக்குத் தேவையான தரவு அதன் உள்ளேயுள்ள பதுக்கு நினைவகத்தில் இருந்தால் மிக விரைவில் கிடைத்துவிடும். அங்கு இல்லையெனில் முதன்மை நினைவகத்துக்குச் செல்ல வேண்டும். இப்பயணத்துக்கு ஏறத்தாழ 75 நானோ வினாடி ஆகும் எனக் கொண்டால், 4 கிகாஏர்ட்சு வேகத்தில் இயங்கும் செயலி அந்நேரத்தில் 300 கடிகைத் துடிப்புகளை இழக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு படச்சட்டத்தில் இத்தகைய காத்திருப்பு 10,000 முறை நேர்வதாகவும், ஒவ்வொன்றும் 80 நானோ வினாடி எடுப்பதாகவும் கொள்வோம். மொத்த இழப்பு 0.8 மில்லி வினாடி. நினைவகத்தை மாற்றியதன் மூலம் ஒரு காத்திருப்பு 65 நானோ வினாடியாகக் குறையுமானால் இழப்பு 0.65 மில்லி வினாடியாகும். மிச்சம் 0.15 மில்லி வினாடி மட்டுமே. மெதுவான கணினி இதனால் வேகமானதாகிவிடாது. எனினும் மேலே கூறிய எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு இது போதுமானதாக இருக்கலாம்.

வேகமும் சுணக்கமும்

நினைவகப் பலகைகளின் மீது இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று, டி.டி.ஆர்4-3200, டி.டி.ஆர்5-6000 என்பன போன்ற வேக எண். இது ஒரு வினாடியில் நிகழும் தரவு மாற்றங்களை மில்லியனில் குறிக்கும். ஒரு கடிகைத் துடிப்பின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் தரவு மாற்றப்படுவதால், 3200 எனக் குறிக்கப்பட்ட நினைவகத்தின் உண்மையான துடிப்பு 1600 மெகாஏர்ட்சு ஆகும். கடைகளில் 3200 மெகாஏர்ட்சு என்றே எழுதுவது வழக்கமாகிவிட்டது.

மற்றொன்று சி.எல். எனப்படும் சுணக்க எண். இது நேரத்தைக் குறிக்காமல் துடிப்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பதால், இதனை மட்டும் கொண்டு இரு நினைவகங்களை ஒப்பிடுதல் தவறாகும். சுணக்க எண்ணை 2000 ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் நானோ வினாடியில் சுணக்கம் கிடைக்கும்.

* டி.டி.ஆர்4-3200, சி.எல். 16: 10 நானோ வினாடி
* டி.டி.ஆர்4-3200, சி.எல். 22: 13.75 நானோ வினாடி
* டி.டி.ஆர்4-3600, சி.எல். 18: 10 நானோ வினாடி
* டி.டி.ஆர்5-4800, சி.எல். 40: 16.7 நானோ வினாடி
* டி.டி.ஆர்5-6000, சி.எல். 30: 10 நானோ வினாடி
* டி.டி.ஆர்5-6000, சி.எல். 36: 12 நானோ வினாடி

இப்பட்டியலின்படி, 30 என்ற சுணக்க எண்ணுடைய டி.டி.ஆர்5 நினைவகம் 16 என்ற எண்ணுடைய டி.டி.ஆர்4 நினைவகத்தைவிட மெதுவானதன்று. முழுப் பயணத்தின் ஒரு பகுதியை மட்டுமே இக்கணக்கு காட்டுகிறது. நினைவகக் கட்டுப்படுத்தியும் பிற கால அளவுகளும் எஞ்சிய பகுதிக்குப் பொறுப்பாகும்.

வழித்தடங்கள்

டி.டி.ஆர்4 நினைவகத்தின் ஒரு வழித்தடம் 64 பிட்டு அகலமுடையது. எனவே டி.டி.ஆர்4-3200 பலகை ஒன்று வினாடிக்கு 25.6 கிகாபைட்டு தரவைக் கடத்தவல்லது. இரு பலகைகளை உரிய செருகுவாய்களில் பொருத்தினால் இது 51.2 கிகாபைட்டாக இரட்டிக்கும். டி.டி.ஆர்5 பலகை ஒவ்வொன்றும் தலா 32 பிட்டு அகலமுள்ள இரு துணை வழித்தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. டி.டி.ஆர்5-6000 பலகைகள் இரண்டு, வினாடிக்கு 96 கிகாபைட்டு வரை கடத்தவல்லன.

ஒரே பலகையுடன் விற்கப்படும் கணினிகளில், அதே வகைப் பலகை மற்றொன்றைச் சேர்ப்பது, விலை உயர்ந்த வேகப் பலகை ஒன்றுக்கு மாறுவதைவிடக் கூடுதல் பயன் தரக்கூடும். எனினும் நான்கு பலகைகளைப் பொருத்தும்போது, குறிப்பாக டி.டி.ஆர்5 இல், எட்டக்கூடிய வேகம் குறைந்துவிடும். எனவே 32 கிகாபைட்டு தேவைப்படுவோர் நான்கு 8 கிகாபைட்டுப் பலகைகளுக்குப் பதிலாக இரண்டு 16 கிகாபைட்டுப் பலகைகளைத் தெரிவு செய்தல் நன்று.

கொள்ளளவு

நினைவகம் போதாவிட்டால் இயக்குதளம் தரவின் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றும். விரைவான திண்ம நிலை வட்டிலிருந்து தரவைப் பெறுவதற்கும் பல்லாயிரக்கணக்கான நானோ வினாடிகள் ஆகும். ஆகவே கொள்ளளவுப் பற்றாக்குறையால் ஏற்படும் தடங்கலை நினைவகத்தின் வேகத்தால் ஈடுசெய்ய முடியாது. மெய்நிகர் உண்மையில் விளையாட்டுடன், காட்சிக் கருவியின் மென்பொருளும் உடன் இயங்குவதால் தேவை மேலும் கூடுகிறது. 16 கிகாபைட்டு பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதுமானது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்ற பறத்தல் பாவனை விளையாட்டுகளுக்கு 32 கிகாபைட்டு ஏற்றது.

செயலிகளுடனான தொடர்பு

ஒரே நினைவகம் எல்லாச் செயலிகளிலும் ஒரே பயனைத் தருவதில்லை. 2017 இல் வெளியான ஏ.எம்.டி. ரைசன் செயலிகளில், உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம் நினைவகத்தின் துடிப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. இதனால் அவை வேகமான நினைவகத்தால் குறிப்பிடத்தக்க பயன் பெற்றன. 2022 இல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு டி.டி.ஆர்5-6000 பொருத்தமான வேகம் எனக் கருதப்படுகிறது.

இதற்கு மாறாக, 2022 ஏப்ரலில் வெளியான ரைசன் 7 5800எக்சு3டி செயலி 96 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்தைக் கொண்டது. தேவையான தரவு பெரும்பாலும் செயலிக்குள்ளேயே கிடைப்பதால், இத்தகைய செயலிகளில் முதன்மை நினைவகத்தின் வேகம் அத்துணை முக்கியமானதன்று.

வேகத்தை இயக்குதல்

வேகமான நினைவகத்தை வாங்கிப் பொருத்தியவுடன் அது அவ்வேகத்தில் இயங்கும் என்பது பரவலான தவறான எண்ணமாகும். பலகைகள் பொதுவாக நியம வேகத்திலேயே தொடங்கும். குறிக்கப்பட்ட வேகத்தைப் பெற, தாய்ப்பலகையின் பயாசு அமைப்பில் இன்டெலின் எக்சு.எம்.பி. அல்லது ஏ.எம்.டி.யின் எக்சுபோ அமைவைத் தெரிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாததால், கூடுதல் விலை கொடுத்தவர்கள் பயனை அடையாமல் போவதுண்டு. டி.டி.ஆர்5 கணினிகளில் முதல் தொடக்கத்தின்போது நினைவகத்தைப் பழக்கும் செயல் சில நிமிடங்கள் எடுக்கலாம். அப்போது திரை வெறுமையாக இருப்பது பழுதன்று.

இவ்வமைவுகள் நியம வேகத்தைக் கடந்தவை என்பதால் எல்லாக் கணினிகளிலும் நிலையாக இயங்கும் என உறுதி கூற இயலாது. நிலையற்ற நினைவகம் விளையாட்டை நிறுத்துவதோடு, சேமிக்கப்படும் கோப்புகளையும் சிதைக்கக்கூடும். ஆதலால் மாற்றத்துக்குப் பின் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளால் சோதித்தல் இன்றியமையாதது.

தேர்வு முறை

1. முதலில் தடை எங்கே உள்ளது எனக் கண்டறிதல் வேண்டும். ஸ்டீம்விஆர் மென்பொருளின் படச்சட்ட நேர வரைபடம், மையச் செயலியும் வரைவியல் செயலியும் எடுக்கும் நேரத்தைத் தனித்தனியே காட்டும்.
2. காட்சியின் படப்புள்ளிகளைக் குறைத்ததும் தடங்கல் நீங்கினால், தடை வரைவியல் செயலியில் உள்ளது. அந்நிலையில் புதிய நினைவகம் பயனற்றது.
3. படப்புள்ளிகளைக் குறைத்தும் மாற்றமில்லையெனில், கொள்ளளவு, இரு வழித்தட அமைப்பு, பயாசு அமைவு ஆகியவற்றை இவ்வரிசையில் சரிபார்க்க வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும் பல வேளைகளில் செலவின்றியே சரிசெய்யக்கூடியவை.
4. அதன் பின்னரே வேகமான பலகைகளை வாங்குவது பற்றி எண்ணுதல் தகும். டி.டி.ஆர்4 பலகையை டி.டி.ஆர்5 செருகுவாயில் பொருத்த முடியாது என்பதால், தாய்ப்பலகையின் வகையை முன்னரே அறிதல் வேண்டும்.

2025 ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. இதனால் இவ்வரிசையைப் பின்பற்றுவதன் பயன் மேலும் கூடியது.

வரம்புகள்

வரைவியல் அட்டையில் உள்ள ஜி.டி.டி.ஆர். நினைவகம் முதன்மை நினைவகத்திலிருந்து வேறானது. அதன் பற்றாக்குறையைப் பலகைகளைச் சேர்த்து நீக்க இயலாது. மெட்டா குவெஸ்ட் 3 (2023) போன்ற தன்னியக்கக் கருவிகள் கணினியின்றி இயங்கும்போது தம்முள் பற்றவைக்கப்பட்ட நினைவகத்தையே பயன்படுத்துகின்றன. இதனைப் பயனர் மாற்ற முடியாது. அவற்றைக் கணினியுடன் இணைத்து விளையாடும்போது மட்டுமே கணினியின் நினைவகம் பொருட்டாகும்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகர் உண்மை
* நேரடி அணுகல் நினைவகம்
* பதுக்கு நினைவகம்
* வரைவியல் செயலி