இரண்டு சத்தியங்கள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து வடக்கே ஸ்ரீரங்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தா சாகிப்பின் நினைவு வருகிறது. அரங்கன் கோயில் கொண்டிருக்கும் திசையில் அந்தப் பொல்லாத மனிதனின் நினைவு வருவானேன் என்று கேட்பீர்கள். அவன் உயர்ந்ததும் வீழ்ந்ததும் இந்த ஊரைச் சுற்றித்தான்.

1736-ல் நாயக்க வம்சத்தின் கடைசி அரசியான மீனாட்சி இங்கே ஆண்டுகொண்டிருந்தாள். பங்காரு திருமலை என்ற பங்காளி அரசுரிமைக்குப் போட்டியிட்டான். ஆர்க்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப்பை அவள் துணையாக நம்பினாள். குர்ஆனின் மேல் ஆணையிட்டு அவன் வாக்குக் கொடுத்தான். துணிக்குள் சுற்றியிருந்தது வெறும் செங்கல் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. எப்படியானாலும், கோட்டை அவன் கைக்குப் போயிற்று. அரசி சிறைப்பட்டு, நஞ்சுண்டு மாண்டாள் என்பார்கள்.

1741-ல் மராட்டியர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு ஆண்டுச் சிறை. அவன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 1748-ல் விடுதலையானான். மறு ஆண்டு ஆகஸ்டில் புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் துணையோடு ஆம்பூரில் அன்வருதீனை வீழ்த்தி நவாப் ஆனான்! அன்வருதீனின் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடினான்.

உடனே திருச்சியைத் தாக்கியிருந்தால் தென்னாட்டுச் சரித்திரமே மாறியிருக்கும் என்பது என் கட்சி. அவனோ பணம் கறக்கத் தஞ்சாவூருக்குப் போனான். பிரதாபசிம்ம ராஜா இன்று, நாளை என்று பேரம் பேசியே நாளைக் கடத்திவிட்டார். சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்று அவனுக்காக வாதாடலாம். ஆனால் அந்த அவகாசத்தில்தான் முகம்மது அலி மூச்சு விட்டான். ஆங்கிலேயரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1751-ல் சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டபோது, கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து அவன் படையைப் பிரித்துவிட்டான்.

1752 ஜூன் மாதத்தில், ஸ்ரீரங்கத்துக்குள் அடைபட்ட அவனைப் பத்திரமாக வெளியே அனுப்புவதாகச் சத்தியம் செய்தான் தஞ்சைத் தளபதி மானோஜி. நம்பி வந்தவனைப் பிடித்து அடைத்தான். அவன் எனக்கு, உனக்கு என்று முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மைசூராரும் மராட்டியரும் சண்டையிட்டார்கள். மானோஜி அவன் தலையை வெட்டி வழக்கை முடித்தான். அரசிக்குப் பொய்ச் சத்தியம் செய்த அதே மண்டபத்தில்தான் இது நடந்தது என்று எழுதியவர்கள் உண்டு. நாவலில் நான் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்! அவன்மேல் எனக்கும் இரக்கம் பிறக்கிறது, மீனாட்சியை நினைக்கும் வரையில்.

வென்ற முகம்மது அலி சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரரிடம் கடன் வாங்கியே காலம் தள்ளி 1795-ல் இறந்தான். அவன் அடக்கமாகியிருப்பது திருச்சி நத்தர்வலி தர்காவில். சந்தா சாகிப்பின் தலையும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள்.