எட்டரை விநாடியில் பிறந்த செய்தி

அந்தச் செய்தி பிறந்த ஊர் ஜப்பானின் மியாகி மாகாணத்து இஷினோமாகி. 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. கடலடியில் கிளம்பிய அதிர்வு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலநடுக்கத்தில் முதலில் வருவது முதன்மை அலை. விநாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகம். பெரிதாகச் சேதம் செய்யாது. கட்டடங்களைச் சாய்க்கும் இரண்டாம் அலை சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் அவகாசத்தில்தான் எச்சரிக்கை பிறந்து, ஓடி, ஊர் சேர வேண்டும்.

இஷினோமாகியின் ஓஉரி நிலையத்துக் கருவி முதல் அலையை உணர்ந்த 8.6 விநாடியில் வானிலை முகமையின் கணினிகள் எச்சரிக்கையை வெளியிட்டுவிட்டன. சென்டாய் நகருக்குப் பலத்த குலுக்கல் வருமுன் சுமார் 15 விநாடி கிடைத்தது. மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கு அது போதும்.

செல்போனுக்கு அந்தச் செய்தி வந்த வழி சாதாரணக் குறுஞ்செய்தியின் வழி அல்ல. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். ஊரே போனை எடுக்கும் நேரத்தில் நெரிசலில் சிக்கிக்கொள்ளும். இதுவோ தண்டோரா போல. கோபுரம் ஒருமுறை முழங்கினால், அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் கேட்கும். யாருடைய எண்ணும் அதற்குத் தேவையில்லை. செய்தியோடு சேர்ந்து ஒலிக்கும், திடுக்கிட வைக்கும் அந்த எச்சரிக்கை ஒலியை அமைத்தவர் தகாஷி கொகுபோ. அலையோசை, பறவைக்குரல் என்று மனத்தை அமைதிப்படுத்தும் இசை தந்தவர் அவர்.

பின்னாலேயே இரண்டாவது செய்தி வந்தது: சுனாமி. 2.49க்கு வந்த அந்த அறிவிப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. நிலநடுக்கத்தின் அளவை 7.9 என்று கணித்து, மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் உயர அலை என்றார்கள். உண்மையில் அது 9.0. '3 மீட்டர்தானே' என்று நின்றவர்கள் உண்டு. எண் துல்லியமாகத் தெரிவதால் வரும் அலட்சியம் இது. 2013 முதல், மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே கிடையாது. 'பேரலை' என்று மட்டும் சொல்கிறார்கள். நல்ல திருத்தம்.

இவாத்தேயின் கமாய்ஷியில் ஒரு நடுநிலைப் பள்ளி. மின்சாரம் போனதால் ஒலிபெருக்கி ஊமையானது. அறிவிப்புக்குக் காத்திராமல் மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்மார் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். பேராசிரியர் தொஷிதகா கதாதா பல ஆண்டுகளாக அந்த ஊர்ப் பள்ளிகளில் சொல்லிவந்த பாடம் அது: முன்கணிப்பை நம்பாதே, முதலில் நீ ஓடு. நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

செய்தி பிறந்த அதே இஷினோமாகியில், கித்தகாமி ஆற்றங்கரையில் இருந்தது ஒகாவா தொடக்கப் பள்ளி. சுனாமி எச்சரிக்கை அங்கேயும் கேட்டது. பள்ளிக்குப் பின்னாலேயே மலை. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுமார் 50 நிமிடம் கழித்து அலை வந்தது. 108 மாணவர்களில் 74 பேர் போய்விட்டார்கள். கூடவே ஆசிரியர்கள் 10 பேர்.

எட்டரை விநாடியில் பிறந்த எச்சரிக்கைக்கு 50 நிமிடத்தில் பதில் கிடைக்காமல் போனது ஏன் என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பள்ளியின் அவசரக்காலக் கையேடு நீதிமன்றத்தில் விரிக்கப்பட்டது. தப்பிச் செல்ல வேண்டிய இடமாக அதில் எழுதியிருந்தது: அருகிலுள்ள காலி நிலம், பூங்கா முதலியவை. ஊரும் பெயரும் இல்லாத இடம். அதை முன்கூட்டியே திருத்தாமல் பள்ளியும் கல்வி வாரியமும் கடமை தவறிவிட்டன என்று 2018இல் சென்டாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது.