போஸ்னியப் படைகளில் சமயகுருமார்: கிறிஸ்தவ, இஸ்லாமிய உறவு

கிறிஸ்தவக் குருமாரும் இமாம்களும் ஒரே சேனையில் உத்தியோகம் ஏற்று, அருகருகே பணிபுரிந்து பழகிய சரித்திரத்தில் போஸ்னியா-ஹெர்ஸகோவினாவுக்குத் தனியிடம் உண்டு. 1463 முதல் உஸ்மானியரின் ஆட்சியிலிருந்த இந்நாட்டை, 1878-இல் பெர்லின் மாநாட்டின் தீர்மானப்படி ஆஸ்திரிய-ஹங்கேரி தன்வசப்படுத்திக்கொண்டபோது, கத்தோலிக்கப் பேரரசர் ஒருவரின் கொடிக்கீழ் முஸ்லிம்கள் ஆயுதம் ஏந்துவது தகுமா என்னும் வினா எழுந்தது. 1881-இன் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை எதிர்த்து, மறு ஆண்டின் தொடக்கத்திலேயே ஹெர்ஸகோவினாவில் முஸ்லிம்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் சேர்ந்து கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டதாயினும், மார்க்க அனுஷ்டானங்களுக்கு ஊறு நேராது என்னும் உறுதி சிப்பாய்களுக்கு வேண்டியிருந்தது. அதன் பொருட்டே படைகளில் இமாம் பதவி ஏற்பட்டது. சராயேவோ முப்தி முஸ்தபா ஹில்மி ஹாஜியோமரோவிச், படையில் சேர்வது மார்க்கத்துக்கு விரோதமன்று என்று ஃபத்வா வழங்கினார். 1882-இல் அவரே அந்நாட்டின் முதல் ரயீஸுல் உலமாவாக, அதாவது முஸ்லிம்களின் தலைமைச் சமய அதிகாரியாக, நியமிக்கப்பெற்றார்.

1894-இல் உருவான நான்கு போஸ்னிய ரெஜிமெண்டுகளில் முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கச் சிப்பாய்கள் கலந்து நின்றனர். சமய பேதமின்றி அனைவர் தலையிலும் துருக்கித் தொப்பியே இருந்தது. இவர்களிடையே பணியாற்றிய குருமாரின் சம்பாஷணை திரித்துவத்தையோ நபித்துவத்தையோ குறித்த வாதமன்று; யார் எவ்வாறு பிரமாணம் எடுப்பது, பன்றி இறைச்சி கலவாத சமையலுக்கு என்ன ஏற்பாடு, இறந்தவனை எம்முறையில் அடக்குவது என்பன போன்ற அன்றாடக் காரியங்களில் ஒருவருக்கொருவர் இடங்கொடுத்து உண்டான இணக்கமே அது. ஏட்டிலே நிகழும் சமய ஆராய்ச்சியினும் இதுவே ஆழமானது என்பது எம் துணிபு.

முதல் உலகப்போரில் இத்தாலியரோடு பொருத இஸொன்ஸோ போர்முனைக்கு அருகே, இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள லோக் போட் மங்கார்ட்டோம் என்னும் கத்தோலிக்கச் சிற்றூரில், போஸ்னிய வீரர்கள் மினாராவுடன் கூடிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினர். போருக்குப்பின் அது மறைந்துவிட்டது. ஆயினும் அவ்வூர்ப் படைவீரர் அடக்கஸ்தலத்தில், சிற்பி லாதிஸ்லாவ் கோஃப்ரானெக் சமைத்த நினைவுச்சின்னத்தில், போஸ்னிய வீரன் ஒருவனும் ஆல்ப்ஸ் மலைப்படை வீரன் ஒருவனும் தோழர்களாக நின்று ரோம்பான் சிகரத்தை நோக்குவதை இன்றும் காணலாம்.

படைக்குருமார் பதவி எப்போதும் நன்மைக்கே பயன்பட்டதென்று கூறுவதற்கில்லை. 1943-இல் நாஜிகள் போஸ்னிய முஸ்லிம்களைக் கொண்டு திரட்டிய ஹாண்ட்ஷார் என்னும் படைப்பிரிவில் இமாம்கள் பிரசாரக் கருவியாக்கப்பட்டனர். 1945-க்குப் பின் யூகோஸ்லாவிய மக்கள் சேனையில் குருமாருக்கே இடமில்லாது போயிற்று. 1992 முதல் 1995 வரை நடந்த போரிலோ, அண்டை வீட்டாராயிருந்தவர்களே எதிரெதிர்ச் சேனைகளில் நிற்க, அந்தந்தச் சேனையோடு அந்தந்தச் சமயத்தின் குருமார் சென்றமை நெஞ்சை வருத்துவதாகும்.

2006-இல் அச்சேனைகள் ஒன்றாக இணைக்கப்பட்டபின், பாதுகாப்பு அமைச்சின் கீழ் இஸ்லாமிய, ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கப் படைக்குருமார் மீண்டும் ஒரே படையில் பணியாற்றத் தொடங்கினர். கத்தோலிக்க வீரர்களுக்கெனத் தனி மறைமாநிலத்தைத் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2011-இல் நிறுவினார்.