காவலனுக்குக் கிடைத்த கண்

நம் குருதியில் உலவும் டி-அணுக்கள் உடலின் காவலர்கள். ஆனால் புற்றணு வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நம் உடலிலேயே பிறந்து நெறி பிறழ்ந்தது. ஆகவே பல வேளைகளில் காவலனின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அக்காவலனுக்குப் புதிய கண்ணைப் பொருத்த முடியும் என்று 1989இல் காட்டியவர்கள், இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எஷாரும் அவர் குழுவினரும். எதிர்ப்பொருளின் இலக்கறியும் பகுதியை டி-அணுவின் ஏற்பியோடு மரபணு வழியே இணைத்தனர். இன்று கார்-டி சிகிச்சை என நாம் அறிவதன் வித்து அதுவே.

2012இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோயால் வாடிய ஆறு வயது எமிலி வைட்ஹெட்டுக்கு அவளது டி-அணுக்களையே மாற்றியமைத்துச் செலுத்தினர். போர் மூண்டது, அதன் வெம்மையில் சிறுமியே மடியும் நிலை. குருதியில் இன்டர்லூகின்-6 என்னும் புரதம் பெருகியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தை ஆய்வாளர் கார்ல் ஜூன் அறிந்திருந்தார். அவர் மகளுக்கு மூட்டுவாதம் இருந்தது. மருந்து செலுத்தப்பட்டது, எமிலி பிழைத்தாள். அன்று அவள் மறைந்திருந்தால் இவ்வாய்வே நின்றுபோயிருக்கக்கூடும்.

2017இல் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு அனுமதியளித்தபோது விலை 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023இல் இந்தியா ஒப்புதல் தந்தது. விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல இலட்சம் ரூபாய். கண் பெற்ற காவலன் எளியோர் வாசலுக்கும் வரும் நாளில்தான் இவ்வரலாறு நிறைவுறும் என்று நாம் கருதுகிறோம்.